இருபது புள்ளி ஒன்பது

அத்தியாயம் 7

அகிலன் "அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால் அதை நாற்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி சிங்கப்பூர் ஈசூன் வீட்டுக்கு வந்த முதல் மாதமே ரோஷினி இதைத் தெரிந்துகொண்டாள். ஆறு வாரமாக இந்தக் கதையோடு வருகிறவர்களுக்கும் இது தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை. கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் இரும்பு டேங்குகளுக்குள் ஆட்கள் இறங்கித் துருவைச் சுரண்டுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். அவர்கள் இறங்குவதற்கு முன் உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று ஒருவன் பார்க்க வேண்டும். மீட்டரின் குழாயை உள்ளே இறக்கி, ஆக்சிஜன் அளவை ஓர் அட்டையில் எழுதி, கையெழுத்திட்டு, டேங்கின் வாயில் தொங்கவிட வேண்டும். அட்டை தொங்கினால்தான் ஆள் இறங்கலாம். அதுதான் அகிலனின் வேலை.

அகிலன் கெட்டவன் இல்லை. யாருடைய குடியையும் கெடுக்க நினைக்கிற ஆளும் இல்லை. காலையில் எழுந்திருக்க மாட்டான், அவ்வளவுதான். ஏழேகாலுக்கு அளக்க வேண்டியதை முதல் நாள் சாயங்காலமே உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடுவான். எல்லா டேங்குக்கும் 20.9. நல்ல காற்றில் நூற்றுக்கு அவ்வளவு ஆக்சிஜன் இருக்கும் என்பதால் அந்த எண். எழுதிய அட்டைகளை டேங்க் வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுவான். காலையில் காவலுக்கு நிற்கும் ரஃபீக், தம்பி விடிகாலையே வந்து அளந்து வைத்திருக்கிறான் என்று நினைத்து அவற்றை எடுத்து மாட்டுவார். எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத வரையில் சோம்பலுக்கு நாம் அனுபவம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் விஷயம் திரும்பியது. அகிலன் ஒன்பது மணிக்கு ஆடி அசைந்து போய்ப் பார்த்தால், தொங்கிய அட்டைகள் அவன் எழுதியவை இல்லை. கையெழுத்து அவனுடையதுதான். ஆனால் எண்கள் வேறு: 20.7, 20.8, ஒன்றில் 20.6. நிஜமாகவே அளந்தவன் எழுதும் எண்கள். நேரம் ஏழேகால்.

அதே மூன்று வாரமாக ரோஷினி வீட்டில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் காலை ஐந்து மணிக்கு அகிலன் எழுந்து, போர்வையை மடித்து, காப்பி கலந்து குடித்து, கப்பைக் கழுவிக் கவிழ்த்து, மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அவள் அறைக்குத் திரும்பினால், கட்டிலில் அகிலன் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். கொக்கியில் ஹெல்மெட்டும் இருக்கும்.

இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. வேலைதான் நடக்கிறதே, ஏன் கிளற வேண்டும் என்று அவன் விட்டுவிட்டான். அவள் முதல் வாரம் பயந்தாள், இரண்டாம் வாரம் பழகிக்கொண்டாள். மூன்றாம் வாரம் அந்த ஐந்து மணிக்காரருக்காகச் சீக்கிரம் எழ ஆரம்பித்தாள். பயம் விட்டுப்போனதுதான் இதில் பயப்பட வேண்டிய இடம்.

புதன்கிழமை விடிகாலை அவர் கதவைத் திறந்தபோது ரோஷினி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "நீங்களே இருந்துடுங்களேன்."

மூன்று வாரத்தில் முதல்முறையாக அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த இடத்தில்தான் போன வாரம் நிறுத்தினோம்.

*

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்காரர் வரவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ரோஷினி சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றாள். ஐந்து, ஐந்தேகால், ஐந்தரை. கப் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. கீழே கம்பெனி பஸ் வந்து, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. கட்டிலில் ஒரே ஓர் அகிலன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

வழக்கமான நேரத்துக்கு வராத ஆவியை நினைத்துக் கவலைப்பட்ட பெண் சிங்கப்பூரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நேற்றுச் சொன்னது அவரை விரட்டிவிட்டதோ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். தேக்கா பக்கத்துக் கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பத்தரை மணிக்குத்தான் வேலை. திரும்பப் போய்ப் படுக்கலாம், ஆனால் அந்தக் கட்டிலுக்குப் போக மனம் வரவில்லை.

ஆறு நாற்பதுக்கு அவளுடைய தம்பி அருண்ராஜிடமிருந்து குரல்செய்தி வந்தது. மன்னார்குடியிலிருந்து போன வருடம் வந்தவன். அகிலன் வேலை செய்யும் அதே பட்டறையில் பெயிண்ட் வேலை, ஜூரோங்கிலேயே தங்கும் விடுதி. காலையில் போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவதற்கு முன் அக்காவுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போவான்.

"அக்கா, இன்னிக்கு நாலாம் நம்பர் டேங்க். நான்தான் முதல் ஆளா இறங்குறேன். மாமா அட்டை இப்பவே தொங்குது, மழையில இவ்ளோ சீக்கிரம் வந்துட்டாரு போல. மூணு வாரமா புள்ளி ஏழு, புள்ளி எட்டுன்னு போட்டாரு, இன்னிக்கு ஃபுல் மார்க். இருபது புள்ளி ஒன்பது. சாயங்காலம் பேசுறேன்க்கா."

ரோஷினி அதை இரண்டாம் முறை கேட்டாள். அவளுக்கு எண்கள் புரியவில்லை. மாமா சீக்கிரம் வந்துட்டாரு என்பது மட்டும் புரிந்தது. மாமா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் போய் அவனை உலுக்கினாள்.

"அஞ்சு நிமிஷம் ரோஷினி," என்றான் தலையணைக்குள்ளிருந்து.

அவள் போனை அவன் காதில் வைத்தாள். பாதிச் செய்தியில் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஆறு வருடத்தில் அவன் இவ்வளவு வேகமாக எழுந்து அவள் பார்த்ததில்லை.

அடுத்த ஐந்தாறு நிமிடங்களில், மூன்று வாரமாக இருவரும் பாதிப் பாதியாக வைத்திருந்தது ஒன்றாகச் சேர்ந்தது. அவன் அட்டைகளைப் பற்றிச் சொன்னான், பல் தேய்த்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்க்காமல். அவள் ஐந்து மணிக்காரரைப் பற்றிச் சொன்னாள். நேற்று அவரிடம் என்ன சொன்னாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப இன்னிக்குத் தொங்குறது யாரு எழுதுனது?" என்று கேட்டாள்.

அகிலன் வாய் கொப்பளித்தான். "நான். நேத்து சாயங்காலம். எப்படியும் காலையில யாரோ மாத்திடுவாங்கன்னு நெனச்சேன்."

நாலாம் நம்பர் டேங்க் பதினோரு நாள் மூடிக் கிடந்தது என்பது அவனுக்குத் தெரியும். மூடிய இரும்புக்குள் துரு சும்மா இருக்காது, உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். வாடை வராது, புகை வராது. இறங்குகிறவனுக்கு மயக்கம் வருவதுகூடத் தெரியாது. இதெல்லாம் அவன் படித்துப் பரீட்சை எழுதித் தேறிய பாடம். எட்டு மணிக்கு அருண்ராஜ் ஏணியில் கால் வைப்பான்.

ரோஷினி தம்பிக்கு போன் போட்டாள். பூட்டிய பெட்டகத்துக்குள் அது அடித்து ஓய்ந்தது.

"ரஃபீக் அண்ணன்கிட்ட போன் இருக்குமே. அவருக்குப் போடுங்க. யாரையும் இறக்காதீங்கன்னு சொல்லுங்க."

சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்பார். கேட்டால் அளக்காமல் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். அதோடு வேலை போகும். வேலை போவதோடு நிற்குமா என்பதும் நிச்சயமில்லை. அகிலன் பையை மாட்டினான், கொக்கியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தான், மணி ஏழு ஆகவில்லை, நேரில் போய்விட்டால் யாருக்கும் தெரியாமல் நானே அட்டையை எடுத்துவிடுவேன் என்றான்.

"இப்பவே பேசுங்க," என்றாள் ரோஷினி.

"ட்ரெயின்ல ஏறிட்டுப் பேசுறேன். அஞ்சு நிமிஷம்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வெறுத்துப்போயிருந்தாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினான்.

*

ரயில் ஈசூனை விட்டபோது மணி ஏழு ஏழு.

அடுத்த ஸ்டேஷன் கான்பெராவில் பேசலாம் என்று நினைத்தான். கான்பெராவில் கூட்டம் ஏறியது. செம்பவாங்கில் பக்கத்தில் நின்ற பெண்மணி தமிழர் மாதிரி இருந்தார், அவர் காதில் விழுமே என்று விட்டான். உட்லண்ட்ஸில் பாதி ரயில் இறங்கிவிடும், அங்கே பேசலாம். உட்லண்ட்ஸில் பாதி ரயில் இறங்கியது. அவனுக்கு உட்கார இடமும் கிடைத்தது. போனைக் கையில் எடுத்து, ரஃபீக்கின் பெயரைத் திறந்து, சொல்ல வேண்டியதை முதலில் மனதுக்குள் கோர்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தான். தள்ளிப்போடுகிறவனுக்குக் காரணம் கிடைக்காத இடம் என்று ஒன்று கிடையாது.

மார்சிலிங் போனது. மணி ஏழு இருபத்தாறு.

கிராஞ்சியைத் தாண்டியதும் மழை கனத்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்ததில் எதிர் ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆனது. அதில் அகிலன் தன்னைப் பார்த்தான். மடியில் மஞ்சள் ஹெல்மெட், கையில் போன். வழித்த முகம்.

அன்று காலை அவன் முகம் வழிக்கவில்லை.

கண்ணாடியில் இருந்தவன் அவனைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு, ரொம்ப நாளாகக் காத்திருந்து சலித்தவன் போல, போனை எடுத்துக் காதில் வைத்தான். அகிலனுடைய கை மடியிலேயே கிடந்தது.

கண்ணாடியில் உதடுகள் அசைந்தன. அண்ணே என்று தொடங்குவது அவனுக்கே தெரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அந்த வாய் எவ்வளவு பேசினாலும் ரஃபீக்குக்குக் கேட்காது. குரல் அகிலனிடம்தான் இருந்தது.

இயூ டீ ஸ்டேஷன் வருவதற்குள் அகிலன் பொத்தானை அழுத்திவிட்டான்.

"அண்ணே, நாலாம் நம்பர்ல யாரையும் இறக்காதீங்க. நான் அளக்கல. அட்டை பொய்."

ரஃபீக், "நீ அளக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. எட்டு மாசமா உட்கார்ந்த இடத்துலதான் எழுதுறேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவனுக்கு. ரஃபீக் இணைப்பை வெட்டினார். அகிலன் நிமிர்ந்தபோது ஜன்னலில் மழையும், அதற்குப் பின்னால் மரங்களும்தான் தெரிந்தன.

*

அன்று மழைக்குப் பயந்து மேஸ்திரி வேலையை அரை மணி முன்னதாகவே தொடங்கச் சொல்லியிருந்தார். ரஃபீக் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தபோது அருண்ராஜின் வலது கால் ஏணியின் இரண்டாவது படியில் இருந்தது. இதை அகிலன் எட்டரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டான்.

நாலாம் நம்பரின் வாயைச் சுற்றி ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். மேலாளரும் இருந்தார். அகிலன் நேராகப் போய் மீட்டரை எடுத்தான். குழாயை இறக்கினான். வாயருகே 20.1. மேலே மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவனை ஏமாற்றும் எண் அது. பாதி ஆழத்தில் 16.4. அடியில் குழாய் தட்டியபோது மீட்டர் கீச்சிட ஆரம்பித்து நிற்கவே இல்லை. 9.8. நல்ல காற்றில் இருப்பதில் பாதிகூட இல்லை.

அருண்ராஜ் இடுப்புக் கயிற்றைக் கூட அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"உங்க கையெழுத்துன்னுதான் மாமா காலை வச்சேன்," என்றான்.

திட்டியிருந்தால் அகிலன் தாங்கியிருப்பான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மழைக்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய அட்டையைக் கழற்றி மேலாளரிடம் கொடுத்தான். புதிய அட்டையில் மூன்று எண்களையும் எழுதி, இறங்காதே என்று எழுதி, கையெழுத்திட்டுத் தொங்கவிட்டான். எட்டு மாதத்தில் அவன் அளந்து எழுதிய முதல் அட்டை. இரண்டு மணிக்கு அலுவலகத்துக்கு வந்து எழுத்து மூலம் விளக்கம் கொடுக்கும்படி மேலாளர் சொன்னார். இரண்டு மணிக்கு என்ன, இப்போதே எழுதித் தருகிறேன் என்று அகிலன் சொன்னது அவனுக்கே புதிதாக இருந்தது.

அலுவலகத்துக்கு நடக்கும்போது ரஃபீக் குடையோடு பக்கத்தில் வந்தார். உன்னை மன்னிக்க எனக்கு நாள் ஆகும் என்று நேராகவே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும்லா. அளக்கவே இல்லைன்னு சொல்ற. இந்த மூணு வாரமா தினமும் ஏழேகாலுக்கு எங்கூட நின்னு அளந்தது யாரு?"

அகிலன் நடையை எட்டிப் போட்டான்.

"நேத்து அளந்து முடிச்சுட்டு நீ ஒண்ணு சொன்ன. எனக்கு அப்பப் புரியல. 'நாளைக்கு நான் வர மாட்டேன்ணே. வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க. அவன் வருவான்.'"

*

ஈசூனில் ரோஷினி ஒன்பது மணி வரை கூடத்து நாற்காலியை விட்டு எழவில்லை. தம்பியின் போனுக்குப் பதினெட்டு முறை அடித்திருந்தாள். படுக்கையறையில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அணைக்காமல் போய்விட்டான், எப்போதும் போல. எழுந்துபோய் அணைக்கவும் தெம்பில்லை.

ஒன்பது பத்துக்கு அகிலன் கூப்பிட்டான். தம்பி நன்றாக இருக்கிறான் என்பதை முதல் வார்த்தையாகச் சொன்னான். அவள் அழுது தீர்க்கும் வரை காத்திருந்தான். பிறகு டேங்கின் எண்களைச் சொன்னான், விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டதைச் சொன்னான், வேலை அநேகமாகப் போய்விடும் என்றும் சொன்னான். ஒன்றையும் மழுப்பவில்லை. கேட்கக் கேட்க அவன் மீது அவளுக்கு வெகுநாளைக்குப் பிறகு பிரியம் சுரந்தது.

கடைசியில் அவன், "ரோஷினி, நீ அவன்கிட்ட ஏதாவது பேசினியா?" என்று கேட்டான். ரஃபீக் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான்.

வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க.

ரோஷினியின் கண் தானாக வாசல் பக்கம் போனது. கொக்கியில் மஞ்சள் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது.

அகிலன் அதை எடுத்துக்கொண்டு ஓடியதை அவள் பார்த்தாள். நிச்சயமாகப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல் எழுந்தாள். நாலே எட்டில் படுக்கையறை. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அவள் அதை விரல் நுனியால் தள்ளினாள்.

திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. கட்டிலில், போர்வையைக் காலில் சுற்றிக்கொண்டு, ஒருவர் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலடியில் காலணிகள் ஜோடியாக, சுத்தமாக, நேராக வைக்கப்பட்டிருந்தன. அகிலன் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை.

மேசைமேல் அலாரம் அடித்தது. ஒரு கை நீண்டு அதை அணைத்தது. அகிலனின் கைதான், மணிக்கட்டில் அவனுக்கு இருக்கும் அதே பழைய தீத்தழும்பு.

"அஞ்சு நிமிஷம் ரோஷினி," என்றது தலையணைக்குள்ளிருந்து குரல்.

போனில் அகிலன் மூச்சை இழுத்துப் பிடித்தது அவளுக்குக் கேட்டது. தன் குரலை யாருக்குத்தான் தெரியாது.

"வெளிய வந்து கதவைப் பூட்டு," என்றான் அவன். "இப்பவே."

இந்த ஆறு வருடத்தில் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து ரோஷினி கேட்டதே இல்லை. கட்டிலில் படுத்திருந்தவரும் அதைக் கேட்டிருக்க வேண்டும். போர்வைக்குள் ஒரு கால் மெல்ல அசைந்தது.